பிரித்தானியத் தொழிற்கட்சி செயற்கை நுண்ணறிவுக்குக் கடிவாளம் போடுமா?

கிளிநொச்சி ஆசிரியர்:
வணக்கம். "செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பைச் சட்டத்தால் உறுதிப்படுத்தும் கட்சி தொழிற்கட்சியே" என்ற தலைப்பில் எங்கள் உயர்தர மாணவர்கள் விவாதிக்க இருக்கிறார்கள். ஓர் அணி 2024 தேர்தல் விஞ்ஞாபனத்தைக் காட்டுகிறது. மற்ற அணியோ ஆட்சிக்கு வந்தபின் கட்சி மாறிவிட்டது என்கிறது. இரண்டையும் கேட்டபின் எனக்கே குழப்பமாக இருக்கிறது. அக்கட்சி உண்மையில் எங்கே நிற்கிறது?

வவுனியா சட்ட மாணவி:
சேர், விஞ்ஞாபனத்தில் இருந்த வாக்குறுதிகளைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். மிக வலிமையான செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை, அதாவது இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை மென்பொருட்களை, உருவாக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களின்மேல் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவருவோம் என்பது ஒன்று. ஆபாசப் போலிப் படங்களை உருவாக்குவதைத் தடைசெய்வோம் என்பது மற்றொன்று. பின்னையது 2025 ஜூனில் நிறைவேறிய தரவுச் சட்டத்தில் குற்றமாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. முன்னையதற்கோ 2024 ஜூலை 17 அன்று, அரசின் சட்டத் திட்டங்களை மன்னர் நாடாளுமன்றத்தில் வாசித்த உரையில் "பொருத்தமான சட்டத்தை ஏற்படுத்த முயல்வோம்" என்ற அளவில் ஒரு வரி வந்ததே தவிர, அந்த அமர்வுக்கான சட்டமூலப் பட்டியலில் அதற்கென ஒன்றும் இருக்கவில்லை. 2025 ஜனவரியில் அரசு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுத் திட்டமோ தரவு மையங்களையும் பொருளாதார வளர்ச்சியையுமே முன்னிறுத்தியது. அடுத்த மாதம் பாரிஸில் நடந்த செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் பிரகடனத்தில் அமெரிக்காவைப் போலவே பிரித்தானியாவும் கையொப்பமிடவில்லை; அதே வாரத்தில் பிரித்தானிய அரசின் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்த 'சேஃப்டி' (பொதுவாகத் தீங்கு நேராமல் காப்பது), 'செக்யூரிட்டி' (குற்றம், தேசியப் பாதுகாப்பு அச்சுறுத்தல்களிலிருந்து காப்பது) ஆனது. தமிழில் இரண்டையும் பாதுகாப்பு என்றே எழுதுகிறோம் என்பதால், பிள்ளைகள் இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடும்.

மன்னாரிலிருந்து ஒருவர்:
தங்கைச்சி சொல்வது சரி. ஆயினும் அதற்கு முன் ஆட்சியிலிருந்த பழைமைவாதக் கட்சியுடன் ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. புதிய சட்டம் வேண்டாம், இருக்கும் ஒழுங்குபடுத்துநர்களே போதும் என்று 2023 மார்ச் வெள்ளை அறிக்கையில் எழுதியது அவர்களுடைய அரசு. அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லியில் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு மாநாட்டைக் கூட்டி, சீனா உட்பட 28 நாடுகளையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் ஒரே பிரகடனத்தில் இணைத்ததும் அதே அரசுதான். பேச்சில் தூரம் இருந்தாலும் நடைமுறையில் இரு கட்சிகளும் பக்கத்துப் பக்கத்து வளவுக்காரர்கள் என்றே எனக்குப் படுகிறது.

முல்லைத்தீவு வாசகர்:
எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். லண்டனில் இருக்கும் என் மகனின் குரலில் என் தங்கைக்கு அழைப்பு வந்தது. அவசரமாகப் பணம் வேண்டும் என்றது. குரல் அச்சொட்டாக அவனுடையதே. ஆனால் "அத்தை" என்று கூப்பிட்டது. பிறந்ததிலிருந்து அவளை "மாமி" என்று மட்டுமே அழைத்தவன் அவன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். இப்படியான குரல்போலிக்குப் பெரிய நிறுவனங்களின் மாதிரி தேவையில்லை, சிறிய மென்பொருளே போதும் என்கிறார்கள். அப்படியானால் தொழிற்கட்சி நிறைவேற்றியதும் எங்களுக்கு உதவாது, ஒத்திப்போட்டதும் உதவாது. சட்டம் படிக்கும் பிள்ளை என்ன சொல்கிறார்?

வவுனியா சட்ட மாணவி:
ஐயா, ஏமாற்றிப் பணம் கேட்பது அங்கே ஏற்கெனவே மோசடிக் குற்றம். போலிப் படத்துக்கான புதிய பிரிவு அந்தரங்கப் படங்களை மட்டுமே தொடுகிறது. குரலைப் போலியாக்கும் கருவியைச் செய்து விற்பவர் யாருக்குப் பொறுப்பு என்ற உங்கள் கேள்விக்கு அந்த விஞ்ஞாபனத்தில் விடையில்லை.

கிளிநொச்சி ஆசிரியர்:
நன்றி. ஆதரிக்கும் அணிக்கு 2025 தரவுச் சட்டத்தையும், எதிரணிக்குப் பாரிஸையும் பெயர்மாற்றத்தையும் கொடுக்கப்போகிறேன். மாமியின் கதையை மட்டும் எவருக்கும் கொடுக்கமாட்டேன். கேள்வி நேரத்தில் நானே எழுந்து கேட்பேன்.