கியோட்டோவில் ஒரு வருட எக்ஸ்சேஞ்ச்: இறங்கியதும் எதை முதலில் முடிப்பது?

கேள்வி:
செப்டம்பர் கடைசியில் ஜப்பான் கிளம்புகிறேன். விசா வந்துவிட்டது. வார்டு ஆபீஸ், பேங்க், சிம், பார்ட் டைம் அனுமதி என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள். எந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்? மிக்சி, குக்கர் எடுத்து வரலாமா? வயது 20, சைவம்.

பதில் 1:
பார்ட் டைம் அனுமதியை கன்சாய் ஏர்போர்ட் இமிக்ரேஷனிலேயே கேளுங்கள். ஒரு பக்க விண்ணப்பம்தான். அங்கே தரும் ரெசிடென்ஸ் கார்டின் (ஜப்பானில் தங்குவதற்கான அடையாள அட்டை) பின்பக்கம் முத்திரை விழும். விட்டுவிட்டால் பிறகு இமிக்ரேஷன் ஆபீசுக்கு நடக்க வேண்டும். வாரம் 28 மணி நேரம்தான் உச்சவரம்பு, இரண்டு கடையில் வேலை பார்த்தாலும் கூட்டிக் கணக்கிடுவார்கள்.

அடுத்தது வார்டு ஆபீஸ். குடியேறிய 14 நாளுக்குள் முகவரி பதிய வேண்டும். கார்டில் முகவரி ஏறாமல் போன் நம்பரோடு சிம்மும் பொதுவாகக் கிடைக்காது, பேங்க் கணக்கும் கிடைக்காது. அதே நாளில் தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேருங்கள். மருத்துவச் செலவில் 30% மட்டும் உங்கள் பங்கு. ஜப்பானில் வருமானம் இல்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்தால்தான் பிரீமியம் குறையும்.

20 வயது ஆனதால் பென்ஷன் சந்தாவும் கட்ட வேண்டும், மாதம் 17,000 யென்னுக்கு மேல். மாணவர் சலுகைக்கு விண்ணப்பியுங்கள். எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு அது பொருந்தாது என்றால் குறைந்த வருமான விலக்கைக் கேளுங்கள். பேசாமல் இருந்தால் பில் வந்துகொண்டே இருக்கும்.

பதில் 2:
நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். இனிஷியலை விரித்து அப்பா பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும். அதைக் கதகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து) எழுதும்போது வார்டு ஆபீசில் ஒரு மாதிரி, பேங்கில் வேறு மாதிரி ஆகிவிடும். பணம் வருவது கதகானாப் பெயரைப் பார்த்து. ஒரு எழுத்து மாறினாலும் ஸ்காலர்ஷிப் திரும்பிப் போகலாம். ஒரே எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி வைத்து எல்லாப் படிவத்திலும் அதையே நிரப்புங்கள். பேங்குக்கு போன் நம்பர் வேண்டும், அதனால் சிம் முதலில். ஜப்பான் வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குப் பல பேங்குகள் கணக்குத் தரத் தயங்கும். மாணவர்கள் வழக்கமாகப் போவது தபால் வங்கிக்கு.

பதில் 3:
மிக்சி வேண்டாம். அங்கே 100 வோல்ட். நம் 230 வோல்ட் மோட்டார் சுற்றும், உளுந்து அரையாது. 750 வாட் மிக்சிக்கு ஏற்ற ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் கனத்திலும் விலையிலும் மிக்சியை மிஞ்சிவிடும். லேப்டாப், போன் சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் இரண்டு தட்டைக் கம்பி அடாப்டரே போதும்.

ரூமில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அலுமினியக் குக்கர் சூடேறாது. காந்தம் அடியில் ஒட்டுகிற ஸ்டீல் குக்கரோ இரும்புத் தோசைக்கல்லோ கொண்டு போங்கள். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், தாவரச் சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வெளியே சாப்பிடும்போது ஒரு எச்சரிக்கை: காய்கறி உடோன் (கோதுமை நூடுல்ஸ்), மிசோ (சோயா விழுது) சூப்பிலும் பெரும்பாலும் மீன் தாஷி, அதாவது மீனில் எடுத்த சாறு, இருக்கும். "இறைச்சி இல்லையே" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், அங்கே மீனை இறைச்சியில் சேர்ப்பதில்லை. மீன் தாஷியா என்றே கேளுங்கள்.

கேட்டவர்:
நன்றி! குப்பை விஷயம்?

பதில் 1:
எரியும் குப்பைக்கு மாநகராட்சியின் மஞ்சள் பைதான், சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். காலை 8 மணிக்குள் வையுங்கள். முந்தின இரவே வைக்காதீர்கள். காக்கை கிழிக்காமல் இருக்க மேலே வலை போடுங்கள். பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலில் மூடி, லேபிள் கழற்றி, அலசிப் போட வேண்டும். கிழமை தெருவுக்குத் தெரு மாறும். முகவரி பதியும்போதே அட்டவணை வாங்கிவிடுங்கள்.