பதில்: அன்ரிஒக்சிடன்ற் – வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

கல்லடியிலிருந்து:
முதியோர் கிளினிக்கில் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதய நோய்க்கு மருந்தெடுப்பவர்கள் விற்றமின் ஈ, பீற்றா கரோட்டீன் போன்ற அன்ரிஒக்சிடன்ற் (உடலில் ஒட்சியேற்றத்தைத் தடுப்பதாகச் சொல்லப்படும்) குளிசைகளைத் தாங்களாக வாங்கி விழுங்க வேண்டாம் என்பதுதான் விஷயம். அன்ரிஒக்சிடன்றுக்கு நாங்கள் படித்த 'ஒட்சியேற்ற எதிரி'யைப் போட்டு, பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஆருக்கு எதிரி மனே?" என்று கேட்டார்.

காரைதீவிலிருந்து:
தம்பி, எதிரி போனால் போகட்டும், 'ஒட்சி'யை விட்டுவிடாதீர்கள். ககர மெய்க்குப் பின் சகரம் வராது. ஒட்சிசனுக்குத் தமிழ்நாட்டில் சொல்லும் 'ஆக்சிஜன்', எந்த மெய்க்குப் பின் எது வரலாம் என்ற மெய்ம்மயக்க விதியை மீறியது. டகர மெய்க்குப் பின் க, ச, ப வரலாம் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபே சொல்கிறது. காட்சி, மாட்சி, ஒட்சி! 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்தை முன்நின்று நடத்திய விபுலானந்த அடிகள் எங்கள் ஊரில் பிறந்தவர் என்பதையும் மறக்கவேண்டாம். இன்னொன்று, ஒட்சிசன் என்ற பெயரே பிழை. எல்லா அமிலத்திலும் அது இருப்பதாக நம்பி, புளிப்பைப் பிறப்பிப்பது என்ற கிரேக்கப் பொருளில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியே வைத்தது. ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஒட்சிசன் எங்கே இருக்கிறது?

அக்கரைப்பற்றிலிருந்து:
சேர், அம்மம்மாவுக்கு லவோசியே எதற்கு? கத்தி கறள் பிடிப்பதைக் காட்டித்தான் நான் வகுப்பில் ஒட்சியேற்றம் படிப்பிக்கிறேன். 'கறள்தடுப்பி' போதும்.

காரைதீவிலிருந்து:
புணர்ச்சி? கறள் + தடுப்பி = கறட்டடுப்பி.

அக்கரைப்பற்றிலிருந்து:
வாசித்தால் கரட் அடுப்பு என்றுதான் காதில் விழும்.

ஏறாவூரிலிருந்து:
சிரித்து முடியவில்லை. ஆனால் அந்தக் கரட்டில் இருக்கிற பீற்றா கரோட்டீனைத்தான் விற்றமின் ஏயுடன் சேர்த்து, அமெரிக்காவில் புகைபிடிப்பவர்களுக்குக் குளிசையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1996இல் ஆய்வை இடையில் நிறுத்திவிட்டார்கள். 50 வயது தாண்டிய அமெரிக்க ஆண் மருத்துவர்கள் எட்டு வருடமளவில் விற்றமின் ஈ, சீ எடுத்தும் மாரடைப்புக் குறையவில்லை என்று 2008இல் வெளிவந்தது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிப்பவர் விற்றமின் ஈயை அதிகமாக எடுத்தால் இரத்தக்கசிவுக்கும் இடமுண்டு. இவ்வளவையும் எழுதிவிட்டுக் குளிசைக்குக் 'கறள்தடுப்பி' என்று பெயர் வைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்? எதிரி, தடுப்பி எல்லாம் விற்கிறவனுக்கு நாங்கள் இலவசமாகச் செய்துகொடுக்கும் விளம்பரம். முருங்கை இலையும் வல்லாரையும் சாப்பிடட்டும், அதற்குக் கலைச்சொல்லே தேவையில்லை.

கல்லடியிலிருந்து:
அப்படியானால் போத்தலில் இருக்கிறபடி 'அன்ரிஒக்சிடன்ற் குளிசை' என்றே போடவா? கடையில் அம்மம்மா காதில் விழுவதும் அதுதானே.

அக்கரைப்பற்றிலிருந்து:
போடுங்கள். எனக்கும் களைத்துவிட்டது.

ஏறாவூரிலிருந்து:
சரி.

காரைதீவிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. அடைப்புக்குள்ளாவது நம் சொல் இருக்கட்டும். பிரித்து எழுதாதீர்கள் தம்பி, 'ஒட்சியேற்றவெதிரி'.