டூல்ஹப்பில் கருவி தேடிய கதை, சேர்த்த கதை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பட்டியல்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். விக்கித் திட்டங்களில் நாம் பயன்படுத்தும் கருவிகளில் பல, யாரோ ஒரு தன்னார்வலர் வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து எழுதியவை. அவற்றை ஒரே இடத்தில் தேடிப் பார்க்கத்தான் 2021 அக்டோபரில் டூல்ஹப் வந்தது. அதற்கு முன்பு ஹேஸ் டைரக்டரி என்று ஒரு அடைவு இருந்தது. அதையும் ஒரு தன்னார்வலர்தான் நடத்தினார். இரண்டுக்கும் பொதுவான வழி இது: கருவியை எழுதியவர் அதன் பெயர், விளக்கம், முகவரி, உரிமம் எல்லாவற்றையும் ஜேசன் என்ற, கணினி படிக்கக்கூடிய வடிவில் ஒரு சின்னக் கோப்பில் எழுதி எங்காவது வைத்துவிட்டு, அந்த முகவரியை மட்டும் சொல்லிவிட வேண்டும். அடைவு அவ்வப்போது வந்து அதைப் படித்துக்கொள்ளும்.

இப்போது தமிழ் விக்கிமூலம், விக்கிப்பீடியா இரண்டுக்கும் பயன்படும் கருவிகளை அங்கே ஒரு பட்டியலாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். பெயரும் முகவரியும் கிடைத்துவிடுகின்றன. ஆனால் தமிழில் அது ஒழுங்காக ஓடுகிறதா, எங்கே மக்கர் செய்யும், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தெரியும். நல்லதோ கெட்டதோ, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

மெய்ப்புக்காரி:

நான் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். பக்கப் படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றித் தரும் எழுத்துணரி இல்லாமல் எங்களுக்குப் பொழுது விடியாது.

டூல்ஹப்பில் முதலில் "எழுத்துணரி" என்று தமிழில் தேடினேன். ஒன்றும் வரவில்லை. "ஓசிஆர்" என்று ஆங்கில எழுத்தில் போட்டதும் வரிசையாக வந்தன. தளத்தின் பொத்தான்களையும் தலைப்புகளையும் டிரான்ஸ்லேட்விக்கியில் மொழிபெயர்க்கலாம். ஆனால் கருவியைப் பற்றிய விளக்கம் அதை எழுதியவரின் மொழியில்தான் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலம். பெயர் தெரிந்துகொண்டு தேடினால்தான் அகப்படும் என்றால் எனக்குத் தேடலே தேவையில்லையே!

அடுத்தது, வந்த பதிவுகளில் எது என் கணினிக்கு ஆகும் என்ற கேள்வி. ஓசிஆர்4விக்கிசோர்ஸ் நம்மவர்களுக்கு நிறைய உழைத்த நிரல். பைத்தானில் எழுதியது. பக்கங்களைக் கூகுள் டிரைவுக்கு அனுப்பி, வரும் உரையை விக்கிமூலத்தில் ஏற்றும். ஆனால் கட்டளை வரியில் ஓட்ட வேண்டும், லினக்ஸ் பழக்கம் வேண்டும். என்னிடம் இருப்பது பையனின் பழைய விண்டோஸ் மடிக்கணினி. டூல்ஹப் பதிவில் "கருவி வகை" என்று ஒரு கட்டம் இருக்கிறது: வலைச் செயலியா, கட்டளை வரியா, பயனர் நிரலா, தானியங்கியா என்று. பார்க்கச் சாதாரணமாக இருக்கும் அந்த ஒரு கட்டம் எனக்கு ஒரு சாயங்காலத்தை மிச்சப்படுத்தியது.

கடைசியில் உலாவியிலேயே ஓடும் விக்கிமீடியா ஓசிஆர் எனக்குப் பொருந்தியது. கூகுள், டெசராக்ட் என்று எஞ்சினை மாற்றிப் பார்க்கலாம். பழைய கலைக்களஞ்சியம் போல இரண்டு பத்தியாக அச்சிட்ட நூல் வந்தபோது இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து வந்தன. "சோழர்களின் கடற்படை" என்று தொடங்கிய வாக்கியம் சோளப் பயிருக்கு வரும் நோயில் போய் முடிந்தது. கருவியின் தனிப்பக்கத்தில் படத்தின்மேல் ஒரு பத்தியை மட்டும் சுட்டியால் கட்டம் கட்டி எடுக்க முடியும் என்று கூட மெய்ப்புப் பார்க்கும் ஒரு அக்காதான் சொன்னார். எந்த விளக்கத்திலும் அது என் கண்ணில் படவில்லை. பட்டியல் போடுகிறவர்கள் இந்த மாதிரி ஒரு வரியைச் சேர்த்தால் புண்ணியமாகப் போகும்.

பழைய பெருங்காய டப்பா:

மெய்ப்புக்காரி அம்மாவுக்குத் தேடல் கவலை. எனக்குக் கருவி இடம் மாறுகிற கவலை.

தன்னார்வலர்களின் கருவிகள் ஓடுவதற்காக ஜெர்மனி விக்கிமீடியா நடத்திய டூல்சர்வர் காலத்திலிருந்து பார்க்கிறேன். அது 2005இல் வந்தது. 2014 நடுவில் மூடினார்கள். அதற்குள் எல்லாரும் டூல் லேப்ஸுக்குக் குடிபெயர வேண்டும். ஆள் இருந்த கருவிகள் வந்து சேர்ந்தன. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்ட கருவிகள் அங்கேயே நின்றுவிட்டன. பிறகு டூல் லேப்ஸ் டூல்ஃபோர்ஜ் என்று பெயர் மாறியது. 2020இல் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி முகவரி வந்தது. நம் உதவிப் பக்கங்களில் கையால் எழுதி வைத்த இணைப்புகளை ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. திருத்தாத பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. புதுப் பயனர் அதை அழுத்தி, பிழைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தமிழ் விக்கியில் எதுவும் வேலை செய்யாது" என்று முடிவு கட்டிவிடுவார்.

அதனால்தான் பொது அடைவு வந்தபோது எனக்குச் சந்தோஷம். முகவரி ஒரே இடத்தில் மாறினால் போதும். ஆனால் அதை ஒழுங்காக வைத்திருக்க ஆள் வேண்டும், அந்த ஆளைத்தான் காணோம். "கைவிடப்பட்டது" என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது, "இதற்குப் பதிலாக இதைப் பயன்படுத்துக" என்று சொல்லவும் ஒரு கட்டம் இருக்கிறது. கருவியையே விட்டுப் போனவர் திரும்பி வந்து அந்தக் கட்டத்தை நிரப்புவாரா?

நிரல்காரன்:

ஐயா சொல்வது உண்மை. எழுதுகிறவன் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன்.

டூல்ஃபோர்ஜில் ஒரு கருவிக்குக் கணக்குத் தொடங்கும்போது எழுதும் ஒரு வரி விளக்கம் தானாகவே டூல்ஹப்புக்கும் போய்விடுகிறது. அந்த நேரத்தில் நிரல் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டோம். "சோதனைக்கு" என்று தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அடைவில் அரைகுறைப் பதிவுகள் இவ்வளவு இருக்க இது ஒரு காரணம்.

இன்னொன்று "எந்த விக்கிகளுக்கு" என்ற கட்டம். நட்சத்திரக் குறி போட்டால் எல்லா விக்கிக்கும் என்று பொருள். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு நல்ல எண்ணத்தோடு நட்சத்திரம் போடுவார்கள். தமிழுக்கு வந்ததும் பல்லைக் காட்டும். நான் பார்த்த ஒரு கருவி கட்டுரை முன்னோட்டத்தைக் குறியெண்களை (ஒருங்குறியில் எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனியே உள்ள எண்களை) எண்ணி வெட்டும். "மொழி" என்பதில் நான்கு குறியெண்கள். மூன்றோடு வெட்டினால் "மொழ" என்று நிற்கும். இன்னொன்று தலைப்புகளை ஒருங்குறி வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ற முந்தி, ல பிந்தி. ஆகவே "அறம்" மேலே, "அலை" கீழே. னகரமோ நகரத்தை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது பிழை என்றே தோன்றாது.

சரி, அடைவில் நாமே திருத்திவிடலாம் என்று போனேன். எழுதியவர் காலியாக விட்ட கட்டங்களை மற்றவர்கள் நிரப்பலாம். அவர் ஏற்கெனவே நிரப்பியதை நாம் மாற்ற முடியாது, அது அவருடைய ஜேசன் கோப்பிலேயே மாற வேண்டும். இந்த விதி எனக்குச் சரியாகத்தான் படுகிறது. இல்லாவிட்டால் கருவியை எழுதியவருக்கே தெரியாமல் யார் யாரோ விளக்கம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். எனவே இரண்டு கருவிகளுக்கும் வழு அறிக்கை எழுதினேன், எதிர்பார்த்த வெளியீடு, கிடைத்த வெளியீடு இரண்டையும் தமிழ்ச் சொல்லோடு போட்டு. வெட்டும் கருவிக்காரர் நன்றி சொல்லித் திருத்திவிட்டார். வரிசைக்காரரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை.

போட்டி நடத்துபவர்:

நான் மாற்றிச் சொல்கிறேனே, கோபித்துக்கொள்ளாதீர்கள். தொடர்தொகுப்புகளும் கட்டுரைப் போட்டிகளும் நடத்துகிறேன். எனக்கு எந்தக் கருவியும் அடைவில் தேடிக் கிடைத்ததில்லை. போட்டிக் கட்டுரைகளை மதிப்பிட உதவும் பவுண்டன் பஞ்சாபி விக்கி நண்பர் ஒருவர் காட்டியது. பகுப்புகளைச் சட்டென்று சேர்க்க உதவும் ஹாட்கேட் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் காட்டியது. வேறு சில, 2019இல் ஸ்டாக்ஹோம் விக்கிமேனியாவில் தொடங்கிய கூலஸ்ட் டூல் விருதுப் பட்டியலில் பார்த்தவை. பட்டறையில் ஒருவர் திரையைத் திருப்பிக் காட்டி "இங்கே அழுத்துங்க" என்றால் ஒரு நிமிடத்தில் புரிகிறது.

நிரல்காரன் தம்பி சொன்ன மாதிரி எங்களுக்கும் ஒரு தொல்லை உண்டு, பைட்டுக் கணக்கு. யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. "தமிழ்" என்ற சொல் மட்டுமே 15 பைட்டு. ஆங்கிலப் போட்டியின் பைட்டு வரம்பை அப்படியே எடுத்தால் நம்மவர்கள் நாலு பத்தியில் தாண்டிவிடுவார்கள். அதனால் நான் சொல் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன்.

பட்டியல்காரர்:

அக்கா, கோபமெல்லாம் இல்லை. பட்டறைக்கு வர முடியாதவருக்காகத்தான் இந்தப் பட்டியல். பைட்டு விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

தானியங்கி ஓட்டுபவர்:

2024 தொடக்கத்தில் டூல்ஃபோர்ஜில் கருவிகளை ஓட்டிவந்த பழைய கிரிட் எஞ்சின் அமைப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலான குபர்நெட்டிஸுக்கு மாறாதவை நின்றுபோயின. நான் நம்பியிருந்த இரண்டு துப்புரவுக் கருவிகள் அப்படி நின்றன. இரண்டையும் எழுதியவர்கள் நெடுநாளாக விக்கிப் பக்கமே வரவில்லை.

முதல் கருவியின் டூல்ஹப் பதிவில் நிரல் களஞ்சியத்தின் முகவரி இருந்தது, உரிமமும் தெளிவாக இருந்தது. களஞ்சியத்தை நகலெடுத்தேன். பைத்தான் நூலகங்கள் இரண்டு மிகப் பழையவை, அவற்றை மாற்றினேன். கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைக்காத மகராசன் என்பதால் என் கணக்கில் அப்படியே ஓடியது. புதிய பெயரில் அடைவில் சேர்த்து, விளக்கத்திலேயே பழையதின் பெயரையும் குறிப்பிட்டேன். பழைய பெயரில் தேடுகிறவருக்கும் இது அகப்பட வேண்டுமே.

இரண்டாவது பதிவில் பெயரும் ஒரு வரி விளக்கமும் மட்டும்தான். டூல்ஃபோர்ஜில் திறந்த உரிமம் கட்டாயம் என்றாலும் நிரல் எங்கே இருக்கிறது என்று வெளியாளுக்குத் தெரிந்தால்தானே? கைவிடப்பட்ட கருவியைத் தத்தெடுக்க முறைப்படி விண்ணப்பிக்கலாம், அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் தேவையான பாகத்தை நானே புதிதாக எழுதிக்கொண்டேன். பட்டியல் போடும் ஐயாவுக்கு என் வேண்டுகோள்: களஞ்சிய முகவரி காலியாக இருக்கும் பதிவுகளை முதலில் பிடியுங்கள். எழுதியவர்கள் இன்னும் பேச்சுப் பக்கத்தில் பதில் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

பழைய பெருங்காய டப்பா:

இதை நான் வழிமொழிகிறேன். 2014இல் இப்படி ஒருவர் கேட்டு வாங்கியிருந்தால் பல கருவிகள் தப்பியிருக்கும்.

புதுமுகம்:

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள், என் சந்தேகம் சின்னது. ஒரு பகுப்பில் உள்ள கட்டுரைகளைப் பட்டியலிடும் பெட்ஸ்கேனில் தமிழ் விக்கியைத் தேர்ந்து, பகுப்பின் பெயரைத் தமிழில் கொடுத்து, ஆழம் 2 வைத்துப் பட்டியல் எடுத்தேன். திரையில் அழகாக வந்தது. சிஎஸ்வியாக இறக்கி எக்செல்லில் திறந்தால் எல்லாம் கொம்பும் கொக்கியுமாக இருக்கிறது. கருவி தமிழுக்கு ஆகாதா?

மெய்ப்புக்காரி:

கருவிமேல் தப்பில்லை, கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. எக்செல் அதை வேறு குறியாக்கம் என்று நினைத்துத் திறக்கிறது. கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். வெற்று எக்செல்லைத் திறந்து, டேட்டா பட்டியலில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து என்பதைத் தேர்ந்து, குறியாக்கம் கேட்கும் இடத்தில் 65001 யுடிஎஃப்-8 என்று கொடுங்கள். லிப்ரே ஆபீஸ் என்றால் திறக்கும்போதே அதுவே கேட்கும்.

புதுமுகம்:

வந்துவிட்டது! நன்றி அக்கா. இதை எங்காவது எழுதி வைக்கக் கூடாதா?

பட்டியல்காரர்:

வைக்கலாம். டூல்ஹப் பதிவில் பயனர் கையேட்டின் முகவரிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, மொழிவாரியாகக் கொடுக்கலாம். தமிழ் விக்கியில் பெட்ஸ்கேனுக்கு ஓர் உதவிப் பக்கம் இருந்தால் அதை அங்கே இணைக்கப் பார்க்கலாம். அந்தக் கட்டத்தை எழுதியவரே நிரப்பியிருந்தால் அவரிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்லலாம். புதுமுகம், நீங்களே தொடங்குங்களேன். நீங்கள் இப்போதுதான் தடுக்கி விழுந்து எழுந்தீர்கள், எந்த இடத்தில் பள்ளம் என்று உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.

புதுமுகம்:

சரி, இந்த வார இறுதியில் எழுதுகிறேன். திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துவிடுவேன், விக்கிமீடியா பொதுவகத்தில் என்ன உரிமத்தில் ஏற்றுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.