சிமுலேஷனில் ஓடிய கட்டிடமும் நிஜத்தில் ஓடும் கட்டிடமும்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு (எனர்ஜி மாடலிங் செய்பவர்)

பத்து வருடமாகக் கட்டிடங்களுக்கு எனர்ஜி மாடல் போடுகிறேன், அதாவது எவ்வளவு எனர்ஜி செலவாகும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பேன், பெரும்பாலும் எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருளில். வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் வெயில், காற்று, ஈரப்பதம், ஆட்கள், விளக்கு, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றையும் கொடுத்தால், எந்த மணி நேரத்தில் எவ்வளவு கூலிங், எவ்வளவு ஹீட்டிங் வேண்டும் என்று அது சொல்லிவிடும். ரிப்போர்ட்டைக் கொடுத்ததும் எங்கள் வேலை முடிந்தது. கட்டிடம் ஓட ஆரம்பித்த பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் எங்களைக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

ஒரு அலுவலகக் கட்டிடத்துக்கு மட்டும் நானாகவே கேட்டு, முதல் வருட மீட்டர் ரீடிங்கை வாங்கினேன். ஹீட்டிங் கணக்கைப்போல இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தது. சரி, குளிர் அதிகமாக இருந்திருக்கும் என்று நினைத்தால், கோடையிலும் ஹீட்டிங் ஓடியிருந்தது, கூலிங்கும் கூடியிருந்தது.

முதலில் வானிலையைத்தான் சந்தேகப்பட்டேன். நாங்கள் பயன்படுத்தும் வானிலைக் கோப்பு உண்மையில் நடந்த ஒரு வருடம் இல்லை. பல வருடப் பதிவுகளிலிருந்து 'வழக்கமான' ஜனவரி, 'வழக்கமான' பிப்ரவரி என்று எடுத்துக் கோத்தது. அந்த வருடத்தின் நிஜ வானிலையைப் போட்டு மறுபடி ஓட்டினேன். இடைவெளி கொஞ்சம்தான் குறைந்தது. அப்புறம் சுவரின் இன்சுலேஷன், ஜன்னல் கண்ணாடி, இடுக்குகளில் நுழையும் காற்று என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எதை எவ்வளவு மாற்றினாலும் கொளுத்தும் கோடையில் இவ்வளவு ஹீட்டிங்கை என்னால் வரவழைக்க முடியவில்லை.

கடைசியில் நேரில் போனேன். காற்றைச் சூடாக்கியோ குளிர்வித்தோ அறைகளுக்கு அனுப்பும், மூன்றாம் தளத்தின் ஏர் ஹேண்ட்லிங் யூனிட் முன்னால் நின்றோம். ஹீட்டிங் வால்வு 0 சதவீதம் என்றது கன்ட்ரோல் திரை. கூட வந்த டெக்னீஷியன், வால்வைத் தாண்டிய குழாயில், இன்சுலேஷன் கிழிந்திருந்த இடத்தில் கையை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். நானும் தொட்டேன். இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. வால்வைத் திருப்பும் மோட்டாரான ஆக்சுவேட்டரை வால்வின் தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் கிளாம்பில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. மோட்டார் சொன்னபடி திரும்பிக்கொண்டிருந்தது, தண்டு திரும்பவில்லை. வால்வு பாதி திறந்தே கிடந்தது.

மற்ற தளங்களின் ரீஹீட்டுக்காக, அதாவது குளிர்ந்த காற்றைத் தேவைக்கேற்ப மறுபடி சூடாக்குவதற்காக, சுடுநீர் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்ததால், காற்றைச் சூடாக்கும் இந்தக் குழாய்ச் சுருளிலும் (காயில்) நாள் முழுக்கச் சூடு ஏறியிருக்கிறது. அதற்கு அடுத்ததாக இருந்த கூலிங் காயில் அந்தச் சூட்டையும் சேர்த்து இறக்கி, சரியாக 14 டிகிரி காற்றை அனுப்பியிருக்கிறது. அதனால்தான் ஒரு புகாரும் இல்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு அறை இதமாகவே இருந்தது. கன்ட்ரோல் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததே பழுதை மறைத்துவிட்டது.

என் மாடலில் வால்வு 0 என்றால் அது 0தான். இதேபோல் எத்தனை கட்டிடங்களில் எத்தனை வால்வுகள் இருக்கும் என்று நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

பதில் (பிளான்ட் ரூமில் வேலை செய்பவர்)

நீங்கள் நேரில் போனதே பெரிய விஷயம். நான் சில்லர் (ஏசிக்கான தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), பம்ப், ஃபேன் எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆள். கட்டிடத்தைக் கணக்குப் போட்டவர் யாரையும் இத்தனை வருடத்தில் பிளான்ட் ரூமில் பார்த்ததில்லை. அவர் என்ன நினைத்து வடிவமைத்தார் என்பது எங்கள் கைக்கு வரும் காகிதங்களில் இருக்காது.

எங்கள் கட்டிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபேன்கள் வாரத்தில் ஐந்து நாள், காலை 8 முதல் மாலை 6 வரை ஓடவேண்டும். அதாவது 50 மணி நேரம். ஒரு நாள் சாயங்காலம் பெரிய கூட்டம் இருக்கிறது, ஏசி நிற்கக்கூடாது என்று சொன்னார்கள். ஷிஃப்டில் இருந்தவர் ஃபேனை மேனுவலில் போட்டார். கூட்டம் முடிந்தது, ஷிஃப்டும் மாறியது. ஆட்டோவுக்குத் திருப்ப யாருக்கும் நினைவில்லை. நான் கண்டுபிடிக்கும்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதமும் வாரத்துக்கு 168 மணி நேரம் ஓடியிருக்கிறது.

மேனுவலில் ஓடும்போது வேகமும் முழு வேகம்தான். ஃபேன் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், பாதி வேகம் என்றால் எட்டில் ஒரு பங்கு. உங்கள் கணக்கு அந்தக் குறைவை நம்பித்தான் இருக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எங்கள் டிரைவ் மாதக்கணக்கில் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

அந்த ஷிஃப்ட் ஆளின் மேல் நான் தப்பு சொல்லமாட்டேன். மேலிருந்து போன் வந்தால் உடனே குளிரவேண்டும். மீட்டர் கூடினால் எங்களை யாரும் கேட்பதில்லை, அறை புழுங்கினால் ஐந்து நிமிடத்தில் கேட்கிறார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மேனுவலில்தான் போட்டிருப்பேன்.

இப்போது பேனலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எதை மேனுவலில் போட்டோம், ஏன், எத்தனை மணிக்குத் திருப்பவேண்டும் என்று மூன்றே கட்டம். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போடவேண்டும்.

பதில் (வீட்டுக்கு இன்சுலேஷன் செய்தவர்)

எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. பழைய வீடு, சுவரில் இன்சுலேஷனே கிடையாது. கணக்குப் போட வந்தவர், வீடு முழுவதையும் குளிர்காலம் பூராவும் 20 டிகிரியில் வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டு ஒரு பெரிய எண்ணைச் சொன்னார். நாங்கள் உண்மையில் செலவழித்தது அதில் பாதிகூட இல்லை. கூடம் ஒன்றில்தான் ஹீட்டர் போடுவோம். மற்ற அறைகளில் ஸ்வெட்டர்தான்.

இதற்கு 'பிரீபவுண்ட்' என்று ஒரு பெயர் இருப்பதே பின்னால்தான் தெரிந்தது. மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஜெர்மனியில் சுமார் 3,400 வீடுகளின் விவரங்களைப் பார்த்ததில், கணக்கு சொன்னதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவாகத்தான் ஹீட்டிங்குக்குச் செலவாகியிருந்தது. வீடு எவ்வளவு மோசமோ, இடைவெளியும் அவ்வளவு பெரிது. இதைப் படித்ததும் எங்கள் வீட்டைப் பற்றியே எழுதியதுபோல இருந்தது.

இன்சுலேஷன் போட்ட பிறகு, சொன்ன அளவு மிச்சம் வரவில்லை. செலவே செய்யாததில் எப்படி மிச்சம் பிடிக்க முடியும்? ஆனால் எனக்கு வருத்தம் இல்லை. என் அம்மா ஐந்தாறு குளிர்காலமாகப் பின்னறைப் பக்கமே போகமாட்டார். அவருடைய தையல் மிஷின் அங்கேதான் துணி மூடிக் கிடந்தது. இந்த வருடம் அங்கே உட்கார்ந்து தைக்கிறார். மீட்டரில் குறையாதது அந்த அறையின் கதகதப்பாகப் போயிருக்கிறது. அதற்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டும் என்பது என் ஆசை.

பதில் (முதல் பதிவு எழுதியவர்)

இருவருக்கும் நன்றி. அம்மாவின் தையல் மிஷினைப் பற்றிப் படித்ததும் என் பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் 'வீடு முழுவதும் 20 டிகிரி'தான். யார் எந்த அறையில் இருப்பார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. இனிமேல் கேட்பேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாடலை மீட்டரோடு ஒத்துப்போக வைக்க, ஏசி, ஹீட்டிங் துறைப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயின் கைட்லைன் 14 ஒரு வரம்பு கொடுக்கிறது. மாத ரீடிங்கை வைத்துப் பார்த்தால் மொத்த விலகல் 5 சதவீதத்துக்குள்ளும், மாதாமாதம் ஏறி இறங்கும் பிழை 15 சதவீதத்துக்குள்ளும் இருக்கவேண்டும். நல்ல அளவுகோல்தான். ஆனால் ஒருமுறை அந்த வரம்புக்குள் அழகாக வந்த மாடல் ஒன்று முழுத் தப்பாக இருந்தது. ஃபேன் இரவிலும் ஓடியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மேஜைகளில் பாதி காலி என்பது தெரியாமல் கம்ப்யூட்டர்களுக்கு அதிகமாகப் போட்டிருந்தேன். ஒரு தப்பு இன்னொன்றைச் சரிக்கட்டிவிட்டது. ஃபேனுக்குத் தனி மீட்டர் வைத்த பிறகுதான் வெளியே வந்தது. அதிலிருந்து ஃபேன், பம்ப், சில்லர், பிளக்கில் செருகும் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி மீட்டர் வேண்டும் என்று வரைபட நிலையிலேயே பிடிவாதமாகக் கேட்கிறேன்.

பிளான்ட் ரூம் நண்பரே, உங்கள் நோட்டு எனக்கு ரொம்பப் பயன்படும். ஒரு வருடத்தில் எத்தனை மணி நேரம் எது மேனுவலில் இருந்தது என்று அதிலிருந்து கூட்டி எடுக்க முடியுமா? அதையே ஒரு ஷெட்யூலாக மாடலில் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். வரும் எண்களை முதலில் உங்களுக்குத்தான் காட்டுவேன்.