மலையகப் பெண்களின் உளநலம் பற்றிய ஆய்வுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இலங்கையின் நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெண்கள் எதிர்கொள்ளும் குடும்ப வன்முறைக்கும் அவர்களது உளநலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின், ஆம் அல்லது இல்லை என்று பதிலளிக்கும் 20 கேள்விகள் கொண்ட வினாக்கொத்தைப் பயன்படுத்துகிறேன். ஆனால் என்னிடமுள்ள தமிழ் வடிவம் முழுக்க ஏட்டுத் தமிழ். முன்னோட்டத்தில், "வாழ்க்கையில் பயனுள்ள பங்கை ஆற்ற இயலவில்லையா?" என்று கேட்டதும், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அக்கா ஒருவர், "எடுத்த கிலோவையா கேக்குறீங்க?" என்றார். தவறு அவருடையதன்று.

ஆகவே, தோட்டத்துப் பேச்சுவழக்கு அறிந்தவர்கள் அந்தக் கேள்விகளைத் திருத்தித் தர முடியுமா?

அதைவிடக் கடினமானது நேர்காணலுக்கான இடம். லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) மெல்லப் பேசினாலும் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலோ எப்போதும் கூட்டம். பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பேசலாமா என்று யோசிக்கிறேன். களத்தில் நேர்காணல் செய்த பெண்கள் தமது அனுபவத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறும் முறையை எளிய தமிழில் விளக்கும் துண்டுப்பிரசுரம் எவரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். பாதிக்கப்பட்டவர்களின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம்.