ஆத்தாவின் முகவலியும் போடாக்ஸ் ஊசியும்

தேவகோட்டை ஆச்சி: ஆத்தாவுக்குப் போடாக்ஸ் ஊசி போடலாம் என்று மதுரை நரம்பு மருத்துவர் சொன்னாராமே, அது நடிகைகள் முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்வதல்லவா? இந்த வயதில் எதற்குத் தம்பி?

காரைக்குடி தம்பி: ஊசி அதேதான், ஆச்சி. ஆனால் அமெரிக்காவில் 1989-இல் அதற்கு முதல் அனுமதி கிடைத்தது மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும். சுருக்கத்துக்கு 2002-இல்தான் கிடைத்தது. ஆத்தாவுக்கு இருப்பது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்துக்கு உணர்வு தரும் ஐந்தாம் மூளை நரம்பில் மின்சாரம் பாய்ந்தாற்போல் வெட்டும் வலி. காலையில் காப்பி டம்ளரை உதட்டருகே கொண்டுபோனவர், இழுத்துவிடுமோ என்ற பயத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பல்வலி என்று கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதெல்லாம் வீண்.

கோனாபட்டு அம்மான்: அது நஞ்சு என்கிறார்களே, அப்பா. முகத்தில் குத்தலாமா?

காரைக்குடி தம்பி: நஞ்சுதான், அம்மான்; ஒரு நுண்ணுயிரி உண்டாக்குவது. வலிக்கும் இடத்தில் தோலுக்கடியில் மெல்லிய ஊசியால், பெரும்பாலும் மொத்தம் 25 முதல் 100 யூனிட் வரை, பல புள்ளிகளில் பிரித்துப் போடுவார்கள். நரம்பு நுனிகள் வலியைக் கடத்தும் வேதிப்பொருள்களை வெளிவிடுவதை அது தடுக்கிறது. பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். ஏறக்குறைய மூன்று மாதத்தில் குறைந்துவிடும், பிறகு மறுபடி போட வேண்டும். எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது.

தேவகோட்டை ஆச்சி: வாய் கோணிவிடாதா?

காரைக்குடி தம்பி: சிலருக்கு ஒரு பக்கம் தொய்ந்து சிரிப்பு கோணலாகத் தெரியும், ஆனால் சில வாரங்களில் சரியாகிவிடும். இப்போது வலிக்குச் சாப்பிடும் கார்பமாசெபைன் மாத்திரையில் ஆத்தாவுக்குத் தலை சுற்றுகிறது, இரத்தத்தில் சோடியமும் இறங்கிவிட்டது. முகப்புத் திண்ணைப் படியில் தடுமாறினால் இடுப்பெலும்பு போய்விடும் என்பதுதான் என் கவலை.

கோனாபட்டு அம்மான்: இரத்தக்குழாய் நரம்பை அழுத்தினால் அறுவை செய்து விலக்கலாமாமே, அதை ஒரேயடியாகச் செய்துவிட்டால் என்ன?

காரைக்குடி தம்பி: செய்யலாம், நெடுநாள் நிவாரணமும் அதில்தான் அதிகம். ஆனால் மண்டையோட்டைத் திறக்க வேண்டும். ஆத்தாவின் இதயம் இருக்கும் நிலையில் மயக்க மருந்தே கூடாதென்கிறார்கள். ஊசி அதற்கு ஈடில்லை, இடைவழிதான்.

தேவகோட்டை ஆச்சி: அப்படியானால் போடட்டும். மாத்திரையை அன்றே நிறுத்திவிடலாமா?

காரைக்குடி தம்பி: கூடவே கூடாது, ஆச்சி; மருத்துவர் சொன்னால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எம்ஆர்ஐ படமும் மாத்திரை அட்டைகளும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன, செவ்வாய்க்கிழமை காரில் ஏறும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள்.