முன்பு போல கேம் ஆட மனசு வரவில்லை. உங்களுக்கு எப்படித் திரும்பி வந்தது?

பாதிசேவ்:

மக்களே, எனக்கு 38 ஆகிறது. மதுரையில் பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்று ஆடி வளர்ந்தவன். அதற்காக டியூஷன் ஃபீஸில் கை வைத்த கதையும் உண்டு, அது இங்கே வேண்டாம். இப்போது வீட்டிலேயே நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசி இருக்கிறது. ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் தள்ளுபடி வரும்போதெல்லாம் வாங்கிப் போட்டதில் 140 கேமுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதில் பாதியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

பையன் தூங்க 9:45 ஆகிவிடும். அப்புறம் வந்து உட்கார்ந்து லைப்ரரியை மேலும் கீழும் உருட்டி, ஏதோ ஒன்றை இன்ஸ்டால் போட்டு, அது 60 ஜிபி இறங்கி முடிப்பதற்குள் யூடியூபில் அதே கேமை வேறு யாரோ ஆடுவதைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விடுகிறேன். இதுதான் ஒரு வருஷமாக என் கேமிங்.

போன வாரம் ரோஷம் வந்து விட்சர் 3 என்ற பெரிய கேமை எட்டு மாதம் கழித்துத் திறந்தேன். சேவ் ஃபைல் என்னை ஒரு சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. எந்த பட்டனுக்கு என்ன, எதற்காக அங்கே போனேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து நாலு பிணம் மாதிரி எழுந்து வந்தன, குதிரையைக் கூப்பிடப் போய் காலடியிலேயே குண்டைப் போட்டுக்கொண்டு செத்தேன். மறுபடி லோடு ஆகும்போது மேப்பைத் திறந்து பார்த்தால் திரும்பின பக்கமெல்லாம் கேள்விக்குறி. ஆபீஸில் முடிக்காமல் விட்ட வேலையெல்லாம் கண் முன்னால் வந்தது. மூடிவிட்டேன்.

இது வயசா, களைப்பா, இல்லை கேம்களே மாறிவிட்டனவா? இப்படி விட்டுப்போய் அப்புறம் திரும்பி வந்தவர்கள் இருந்தால், எதில் வந்தது என்று மட்டும் சொல்லுங்கள். மொபைலைத் தூக்கிப் போடு, தியானம் பண்ணு என்று சொல்ல வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு.

கேசட்ஊதி:

முதலில் அந்த விட்சர் சேவை அழித்துவிடுங்கள், சும்மா சொல்லவில்லை. பாதியில் விட்ட பெரிய கேமுக்குத் திரும்பப் போவது, நடுவில் எட்டு வருஷம் பேசாத சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் நிற்பது மாதிரி. அங்கே எல்லாரும் உங்களைத் தெரிந்த மாதிரி பேசுவார்கள், உங்களுக்கு ஒரு பெயரும் ஞாபகம் வராது. ஆடினால் முதலிலிருந்து ஆடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது டிஃபிகல்ட்டி. நம் ஆட்களுக்கு ஈஸியில் வைப்பதென்றால் மானம் போகிற விஷயம். நானும் அப்படித்தான் இருந்தேன். 2020-இல் வந்த ஹேடீஸ் என்ற கேமை வாங்கி இரண்டாவது பாஸிடம், அதாவது கட்டத்தின் கடைசியில் வரும் பெரிய எதிரியிடம், திரும்பத் திரும்ப அடி வாங்கிக் கடுப்பாகி மூடி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து அதில் காட் மோட் என்று ஒன்று இருப்பதைக் கவனித்தேன். போட்டதும் நம் மேல் விழும் அடியில் 20 சதவீதம் குறையும், அப்புறம் ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறையும், 80 வரை போகும். செத்தாலும் ஏதோ சம்பாதித்தோம் என்று ஆகிவிடுகிறது. மூன்று வாரத்தில் கடைசி பாஸை அடித்தேன். யாரும் வந்து "ஈஸியாடா?" என்று கேட்கவில்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் கீழே ஆடியிருந்தால் பணம் திரும்பத் தருவார்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் அளவு. அதற்குள் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தள்ளுபடி இருக்கிறதே என்று வாங்கி அடுக்குவது கேமிங் கிடையாது, அது பாத்திரக்கடை பழக்கம்.

நைட்டூட்டி:

நான் நர்ஸ். மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் இரவு வேலை. கல்லூரி விடுதியில் மொபைலில் எதையாவது ஆடிக்கொண்டே இருந்த ஆள், வேலைக்கு வந்தபிறகு நாலு வருஷம் ஒன்றையும் தொடவில்லை. காலையில் வீட்டுக்கு வந்தால் தூக்கமும் வராது, எதையும் யோசிக்கவும் முடியாது. படம் பார்த்தால்கூட கதையைத் தொடர முடியாமல் பத்து நிமிஷத்தில் நிறுத்திவிடுவேன்.

ஸ்டார்ட்யூ வேலி என்ற விவசாய கேமில்தான் திரும்பி வந்தேன், அதுவும் போனில். அதில் ஒரு நாள் என்பது, ஊர் சுற்றிக்கொண்டே இருந்தாலும், ஏறக்குறைய 14 நிமிஷத்தில் முடிந்துவிடும். காலை 6 மணிக்கு எழுந்தால் ராத்திரி 2 மணிக்கு ஆளே மயங்கி விழுந்துவிடுவார். படுத்தால் சேவ் ஆகிவிடும். எனக்கு அது சரியாகப் பொருந்தியது. டூட்டி முடிந்து வந்து, குளித்துவிட்டு, ஒரு நாள் மட்டும். பூசணிக்குத் தண்ணீர் ஊற்றி, கோழியைத் தடவிக் கொடுத்து, அந்த ஆளைத் தூங்கவைத்துவிட்டு நானும் தூங்குவேன். முழுக்க ஒரே ஆள், எரிக் பரோன், நாலைந்து வருஷம் தனியாக உட்கார்ந்து படம் வரைந்து இசை போட்டுச் செய்து 2016-இல் வெளியிட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை: யூடியூபில் 'முதல் வருஷத்தில் எவ்வளவு சம்பாதிக்கலாம்' வீடியோ பக்கம் போகாதீர்கள். நான் போனேன். நோட்டுப் போட்டு எந்தப் பயிர் எத்தனை நாள் என்று எழுத ஆரம்பித்தேன், அடுத்த வாரமே வெறுத்துவிட்டது. இப்போது எனக்குப் பிடித்த பூவை நடுகிறேன், நஷ்டம்தான்.

ரிட்டயர்டுஹர்ட்:

எல்லாரும் வழி சொல்கிறீர்கள், நான் எதிராக ஒன்று சொல்கிறேன். ஏன் திரும்பி வந்தே ஆகவேண்டும்? சின்ன வயதில் ஸ்டாம்ப் சேர்த்தோம், பட்டம் விட்டோம், அதெல்லாம் போனதற்கு யாராவது போஸ்ட் போட்டு அழுதோமா? எனக்கு 44. மூன்று வருஷம் முன்னால் பிசியை விற்றுவிட்டு நல்ல சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஒரு நாள்கூட வருத்தப்படவில்லை. ஆசை இல்லாத இடத்தில் போய் ஆசையைத் தேடுவது பசி இல்லாமல் பந்தியில் உட்காருவது போல.

பாதிசேவ்:

@ரிட்டயர்டுஹர்ட் அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம்தான், நானும் அப்படி யோசித்தேன். ஆனால் ஆசை இல்லாவிட்டால் ராத்திரி 11 மணிக்கு அடுத்தவன் ஆடுவதை ஏன் பார்க்கிறேன்? பந்தியில் உட்காராமல் வாசலில் நின்று சாம்பார் வாசம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதுதான் என் பிரச்சினை.

ரிட்டயர்டுஹர்ட்:

சரி, அப்படியென்றால் உள்ளே போய்ச் சாப்பிடு தம்பி. நான் வரவில்லை.

முப்பதுஉயிர்:

எனக்கு மகளால் வந்தது. அம்மா வீட்டுப் பரணில் பழைய டிவி கேம் பெட்டி கிடைத்தது, மஞ்சள் கேசட்டோடு. அடாப்டர் போய்விட்டது, பெட்டியும் ஓடவில்லை. அந்த ஏமாற்றத்தில் லேப்டாப்பில் பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டர் போட்டு, இரண்டு கன்ட்ரோலர் வாங்கி, ஒன்பது வயது மகளை உட்காரவைத்து கான்ட்ராவை ஆரம்பித்தேன். கூடுதல் உயிருக்கு ஆரம்பத்தில் அழுத்தும் ரகசிய வரிசை: மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ. என்னவெல்லாமோ மறந்துபோன இந்த மண்டையில் அது மட்டும் அப்படியே இருந்தது. முப்பது உயிர்.

கான்ட்ரா ஆடியவர்களுக்கு மூன்றாவது ஸ்டேஜ் அருவி தெரியும். இரண்டு பேரில் ஒருவர் முந்திக்கொண்டு மேலே தாவினால் திரை மேலே போய்விடும், கீழே நிற்பவர் காலி. நான் சின்னவனாக இருந்தபோது என் அண்ணன் வேண்டுமென்றே என்னை அப்படிக் கொல்லுவான். என் உயிர் தீர்ந்ததும் பட்டனை அழுத்தி அவன் உயிரில் ஒன்றை எடுத்துக்கொள்வேன், அதற்கு நிஜமாகவே அடி விழும். இப்போது மகள் என்னைக் கீழே விட்டுவிட்டுத் தாவித் தாவி ஓடுகிறாள், "அப்பா சீக்கிரம் வா" என்று கத்திக்கொண்டே. அவளுக்கு அது சதி என்று தெரியாது. முதல் நாள் அந்த அருவியில் மட்டும் பதினோரு உயிர் போயிற்று, அத்தனையும் என்னுடையது.

பாதிசேவ், உங்களுக்கு ஒரு கேள்வி. பிரவுசிங் சென்டரில் நீங்கள் தனியாக ஆடினீர்களா?

டொராண்டோகுளிர்:

மேலே கேட்டது நல்ல கேள்வி. நான் வேறு ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நீளம்தான் பயமுறுத்துகிறது என்றால் வெண்பா என்ற சமையல் கேமை ஆடிப்பாருங்கள், 2023-இல் எங்கள் டொராண்டோ ஸ்டுடியோ ஒன்று செய்தது. எண்பதுகளில் கனடா வந்த தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, அதில் விட்டுப்போனதை நாம் ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு கேமை முடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பையன் வளர வளர அம்மா தமிழில் பேசுவதற்கு இங்கிலீஷில் பதில் சொல்லும் இடங்களில் எனக்குத் தொண்டை அடைத்தது. என் வீட்டிலும் இப்போது அதேதான் நடக்கிறது, அதை விடுங்கள்.

விறகுவெட்டி:

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் புதுப்பித்த டெஃபினிட்டிவ் எடிஷன் 2019-இல் வந்தது தெரியுமா? அதைவிட முக்கியம், 2022-இல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் பாகம் வந்தது, அதில் திராவிடர்கள் தனி நாகரிகம், அதாவது நாம் எடுத்து ஆடக்கூடிய ஒரு பக்கம். நாம் ஆடிய காலத்தில் இந்தியாவே அதில் கிடையாது. இப்போது உருமி என்ற சுருள்வாள் வீசும் வீரன் இருக்கிறான், திரிசடை என்று கப்பல் இருக்கிறது, ராஜேந்திர சோழனின் படையெடுப்பே ஒரு கேம்பெய்ன். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இலவசம். எல்லாவற்றுக்கும் மேலே, ஆளைக் க்ளிக் பண்ணினால் தமிழில் பதில் சொல்லுவான். முதல் தடவை கேட்டபோது வேறு டேப்பில் ஏதோ ஓடுகிறது என்று நினைத்து பிரவுசரை மூடப் போனேன்.

பாதிசேவ்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

@முப்பதுஉயிர் நீங்கள் கேட்டதற்கு பதில்: இல்லை. ஒரு நாள்கூடத் தனியாக ஆடியதில்லை. பக்கத்து சிஸ்டத்தில் எப்போதும் ஒருத்தன் இருப்பான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் பாரசீகம் எடுப்பான், வேறு எதுவும் எடுக்கமாட்டான், ஏனென்றால் யானை. அடுத்தவன் வந்து ஊரைக் கொளுத்தினாலும் உணவையும் தங்கத்தையும் சேர்த்துக்கொண்டே இருப்பான். அரைமணி நேரம் கழித்து ஐந்து யானை கிளம்பி வரும். நான் மடத்திலிருந்து சாமியார்களை இறக்கி ஒவ்வொன்றாக என் பக்கம் இழுத்துக்கொள்வேன். தன் யானையே நிறம் மாறித் திரும்பி வருவதைப் பார்த்து அவன் கீபோர்டில் குத்தியதற்கு சென்டர்காரரிடம் ஒரு முறை இருவரும் சேர்ந்து திட்டு வாங்கினோம்.

அவன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் கேக் படம் அனுப்புவதோடு சரி. விறகுவெட்டி எழுதியதைப் படித்த கையோடு அவனுக்கு ஸ்டீம் லிங்க் அனுப்பினேன், ஒரு வார்த்தை எழுதவில்லை. இருபது நிமிஷத்தில் "வாங்கிட்டேன்" என்று பதில் வந்தது.

நேற்று ராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்தோம். கம்ப்யூட்டருக்கு எதிராக இருவரும் ஒரே பக்கம், இரண்டு மணி நேரம், கேவலமாகத் தோற்றோம். பழைய ஹாட்கீ, அதாவது கீபோர்டு குறுக்குவழி, ஒன்றும் கைக்கு வரவில்லை, காட்டுப்பன்றியை இழுத்துவரப் போய் இரண்டு ஆளைப் பறிகொடுத்தேன். சத்தம் கேட்டு மனைவி வந்து எட்டிப் பார்த்தாள், "யார் அது தமிழில் பேசுவது, ஆபீஸ் காலா?" என்றாள். விறகு வெட்டுகிறவர்கள் என்றேன்.

அடுத்த ஞாயிறு இருவரும் எதிரெதிராக ஆடுவதாக ஒப்பந்தம். அவன் திராவிடர் வேண்டாமாம், பாரசீகம்தானாம். யானைக்கு என்ன விலை என்று நேற்றே பார்த்து வைத்துவிட்டான். நான் எந்த நாகரிகத்தில் சாமியார் நன்றாக இருப்பார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் சொல்லுங்கள், அவனும் இங்கே வந்து படிக்கக்கூடும்.